வலி கண்ட முதல் மணிகள்

சென்ற மாதம் மாதுங்காவில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பு வலி என்றாள். மாப்பிள்ளை டாக்ஸிக்கு ஓடப் பார்த்தார். "உட்காருங்கோ மாப்பிள்ளை, காபி சாப்பிடலாம்" என்றேன்.

தலைப்பிரசவத்தில் ஆரம்ப வலி பல மணி நேரம் இழுக்கும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. இல்லையென்றால், டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருக்கலாம் என்பது என் கட்சி. நாங்கள் பல்லாங்குழி ஆடினோம். வலி வந்தால் சோழியை வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் மணி பார்த்துக் குறித்துக்கொள்வேன். கொஞ்சம் மோர் சாதமும் இறங்கிற்று. (ஆட்டத்தில் ஜெயித்தது அவள்தான்.)

1996-ல் இவள் பிறந்தபோது எனக்கு அப்படி வாய்க்கவில்லை. முதல் வலிக்கே சேர்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள். ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. அம்மா வெளியே வராந்தாவில். நான் உள்ளே சுவரைப் பார்த்தபடி பதினோரு மணி நேரம்.

பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் எழுதியே வைத்துவிட்டது. ஆனாலும் சேர்க்கும் முன்பே ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுங்கள். இம்முறை நான் கேட்டேன். உள்ளே விட்டார்கள்.