சக்கரம் சுற்றினால் ஓடும் எஞ்சின்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கல்லாறு பக்கம் இருக்கிறேன் என்றாலே ஊரில் எல்லோரும் மேட்டுப்பாளையம் கல்லாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். "பழப்பண்ணையில மங்குஸ்தான் வந்துடுச்சாடா?" என்று பெரியப்பா போனில் கேட்கிறார். இது அந்தக் கல்லாறு இல்லை சாமி. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டி பொன்முடிக்குப் போகிற வழியில் இருக்கும் கல்லாறு. பேருக்கு ஏற்ற மாதிரி ஆறு முழுக்க வழுவழு உருண்டைக் கல். இந்தத் தண்ணீர்தான் கீழே போய் வாமனபுரம் ஆறு. இங்கிருந்து மேலே ஏறினால் 22 கொண்டை ஊசி வளைவு, உச்சியில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்தால் பேப்பர் படிக்க முடியாது, அவ்வளவு பைக்.

ஆனால் இது பொம்மை பைக்கைப் பற்றிய பதிவு. நிஜ பைக் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சினன் ஜெர்மனியில் இருக்கிறான். நாற்பதை நெருங்குகிறவன். லெகோ கட்டுவதுதான் அவனுடைய ஒரே கெட்ட பழக்கம். லெகோ டெக்னிக் வரிசையில் பெரிய பைக்குகள் வருகின்றன, நிஜ பைக்கில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். 2022-ல் பிஎம்டபிள்யூ எம் 1000 ஆர்ஆர் வந்தது, 1,920 பீஸ். 2023-ல் யமஹா எம்டி-10 எஸ்பி, 1,478 பீஸ். 2025 ஜனவரியில் டுகாட்டி பனிகாலே வி4 எஸ், 1,603 பீஸ். ஒவ்வொன்று வரும்போதும் இந்தப் பொம்மை கட்டும் பெரியவர்கள் கூட்டம் கொதித்துப் போகிறது. மச்சினன் போன வருஷம் லீவில் வரும்போது யமஹாவைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கூடவே டுகாட்டியைப் பற்றிய அந்தக் கூட்டத்தின் மொத்தப் புலம்பலையும் கொண்டுவந்தான். நாலு நாள் சாப்பாட்டு மேஜையில் அதுதான் பேச்சு. என் அக்கவுண்டன்சி மூளைக்கு எட்டியவரை அந்தப் புலம்பல்களைத் தணிக்கை செய்து பார்த்தேன்.

ஸ்டிக்கர் பிரச்சினையில் நான் முழுக்க அவர்கள் பக்கம். இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு பேரையும் கோட்டையும் அச்சடித்துத் தராமல், நீயே ஒட்டிக்கொள் என்று ஸ்டிக்கர் தாள் வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கோணினால் ஆயுசுக்கும் கண்ணை உறுத்தும். இன்னொரு புலம்பல், கறுப்பு பைக்கின் இடுக்கில் நீலப் பின் எட்டிப் பார்க்கிறது என்பது. அதற்குக் காரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பின்களில் எது எந்த ரகம் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டாமா? பாஸ்புக்கும் செக் புக்கும் வேறு வேறு நிறத்தில் இருப்பது அழகுக்காகவா?

அடுத்தது "ஒரு பீஸுக்கு எத்தனை காசு" என்கிற கணக்கு. விலையைப் பீஸ் எண்ணிக்கையால் வகுத்து, போன கிட்டைவிட இது மோசம் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். பி.காம். படித்தவன் என்கிற முறையில் இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கட்டைவிரல் நகம் அளவு பின்னும் ஒரு பீஸ், முழுச் சக்கரமும் ஒரு பீஸ். லெட்ஜரில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணிக் கம்பெனிக்குக் கடன் கொடுப்பது மாதிரி. 1,920 பீஸ் பிஎம்டபிள்யூவைவிட 1,478 பீஸ் யமஹாவில்தான் சரக்கு அதிகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் விலை என்பது தனிக் கதை. வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது. 2020 பட்ஜெட்டில் 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. நடுவில் 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று வந்தது. உள்ளூர் உற்பத்தி வளரட்டும், நல்லதுதான். ஆனால் நம்மூர்ப் பிள்ளைக்கு இந்தப் பெட்டி வெளிநாட்டு மாமன் பெட்டியில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

மூன்றாவது புலம்பல்தான் எனக்கு நெஞ்சில் தைத்தது. "அத்தான், எப்பப் பாத்தாலும் ரேஸ் பைக்தான். ஒரு புல்லட் வந்தா ரெண்டு பெட்டி வாங்குவேன்" என்றான். நியாயம்! புல்லட்டைவிடப் பொருத்தமான வண்டி வேறு இருக்கிறதா? அது இந்தியாவுக்கு வந்ததே கிட்டாகத்தானே. 1955-ல் இங்கிலாந்தின் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். 1956-ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தபோது வண்டிகள் கப்பலில் பாகம் பாகமாக வந்தன, மெட்ராஸில் பூட்டினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் 163 புல்லட். பிரித்து வந்ததைக் கோத்துக் கோத்துக் கை பழகி, பிற்பாடு ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே செய்து, 1977-ல் அதே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் செய்தார்கள். அப்புறம் அந்தப் பழைய புல்லட்டின் வலது கால் கியரும் நியூட்ரல் தேடித் தரும் குட்டி லிவரும் பொம்மையில் வந்தால் எப்படி இருக்கும்? நானே ஒரு பெட்டி வாங்கியிருப்பேன். (வீட்டில் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.)

பொம்மை புல்லட்டே வரவில்லையா என்றால், வந்தது. 2022-ல் ராயல் என்ஃபீல்டு கம்பெனியே கிளாசிக் 350-ஐ மூன்றில் ஒரு பங்கு அளவில் கொண்டுவந்தது. 964 பாகம், எட்டரைக் கிலோ, ஆரம்ப விலை 67,990 ரூபாய். அந்தக் காசுக்கு நல்லதாக ஒரு செகண்ட்ஹேண்ட் பைக்கே வாங்கலாமே என்று எல்லோரும் சிரித்தார்கள். என் குறை விலை இல்லை. அது முழுதாகப் பூட்டியே வருகிறது. 964 பாகத்தில் ஒன்றைக்கூட நாம் மாட்ட வேண்டியதில்லை. ஷோகேஸில் வைத்துத் தூசி தட்டலாம், அவ்வளவுதான்.

சரி, யமஹாவுக்கு வருவோம். இந்தக் கூட்டத்தில் ஒரு பிரிவு அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, காரணம் கியர் பாக்ஸ். நிஜ பைக்கில் கியர்ச் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்தபடியே இருக்கும். எதைத் தண்டோடு பூட்டுவது என்பதுதான் கேள்வி. காலால் லிவரை மிதித்தால் உள்ளே ஒரு உருளை கொஞ்சம் திரும்பும். அந்த உருளை மேல் வளைந்து வளைந்து ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் கவை அதன் போக்கில் இடமோ வலமோ தள்ளப்படும், தள்ளப்படும்போது ஒரு சக்கரத்தை விடுவித்து இன்னொன்றைப் பூட்டும். 2020-ல் வந்த சின்ன டுகாட்டியில் இரண்டு கியர் இருந்தது. பிஎம்டபிள்யூவில் மூன்று கியரும் இருந்தது. ஆனால் நிஜ வண்டி மாதிரியே உருளையும் கவையும் புதுப் பாகங்களாக வந்தது யமஹாவில்தான். இருபது வருஷம் பைக் ஓட்டியவர்களில் எத்தனை பேர் அந்த உருளையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

என் பையனும் மச்சினனும் மூன்று ராத்திரி உட்கார்ந்து கட்டினார்கள். பையன் மலையாளமும் இங்கிலீஷும் படிக்கிறவன், தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதைதான், தெரியும். லெகோ புத்தகத்தில் கட்டும் முறை முழுக்கப் படம்தான், படிக்க வேண்டியதில்லை. அதனால் வாய் ஓய்வாக இருந்தது. "பல் பிடிக்கல மாமா", "அச்சை உருவு", "கவையைத் திருப்பி மாட்டுடா" என்று தமிழ் தானாக ஓடியது. கியரின் 'பல்' என்ற சொல் அவனுக்கு அப்போதுதான் புதிது. மேட்டுப்பாளையம் கல்லாறிலிருந்து ஊட்டி ரயில் பல் சக்கரத்தில் ஏறுவதை அந்தச் சாக்கில் சொன்னேன்.

இப்போது கடைசிப் புலம்பல், எனக்கும் மச்சினனுக்கும் சண்டை வந்த இடம். இந்தப் பொம்மையில் மோட்டார் கிடையாது. பின் சக்கரத்தை உருட்டினால் செயின் சுற்றும், கியர் பாக்ஸ் சுற்றும், பிஸ்டன் ஏறி இறங்கும். "எல்லாம் தலைகீழ் அத்தான். நிஜத்துல எஞ்சின் சக்கரத்தைச் சுத்தும், இதுல சக்கரம் எஞ்சினைச் சுத்துது. கியர் மாத்தி என்ன பிரயோஜனம்? வெறும் பொம்மை." அவன் மட்டும் இல்லை, இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருடைய சலிப்பு இதுதானாம்.

நான் பொன்முடிச் சாலை அடிவாரத்தில் இருக்கிறவன். சக்கரம் எஞ்சினைச் சுற்றுவது தலைகீழ் இல்லை. மலை இறங்கும்போது நிஜ பைக்கில் நடப்பது அதுதான். ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சைப் பிடிக்காமல் கியரில் இறங்கினால், உருளும் சக்கரம்தான் எஞ்சினை இழுத்துச் சுற்றுகிறது. எஞ்சின் சும்மா சுற்றாது, முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் வண்டியை நிறுத்திப் பிடிக்கிறது. சின்ன கியரில் அதே சக்கரச் சுற்றுக்குப் பிஸ்டன் அதிகத் தடவை ஏறி இறங்க வேண்டும், ஆகவே பிடிப்பும் அதிகம். கல்லட்டி மாதிரி மலைப்பாதைகளில் சின்ன கியரில் இறங்கு என்று போர்டு வைப்பது இதற்காக.

பையனைக் கூப்பிட்டு அந்த யமஹாவை மேஜையில் உருட்டச் சொன்னேன். முதல் கியரில் பிஸ்டன் படபடவென்று ஓடியது, சக்கரம் விரலுக்குக் கனத்தது. மூன்றாவதில் சாவகாசமாக ஓடியது, சக்கரமும் லேசானது. நியூட்ரலில் போட்டு உருட்டினான். பிஸ்டன் அப்படியே நின்றுவிட்டது, சக்கரம் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றியது. "அப்போ நியூட்ரல்ல இறங்குனா யாருமே புடிச்சுக்க மாட்டாங்களாப்பா?" என்றான். ஆமாண்டா, ரெண்டு பிரேக்கைத் தவிர யாரும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பெட்ரோல் மிச்சம் என்று மலை முழுக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து புது பைக்குகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் பொதுவாக, கியரில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கினால் பெட்ரோல் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே வரும். ஆக மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. 22 வளைவுக்கும் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் டிஸ்க் சுடும், சூடு உள்ளே ஏறி பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் லிவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. மேலிருந்து வருகிற பையன்கள் இங்கே நிறுத்தி ஆற்றில் கால் நனைக்கும்போது, வண்டிப் பக்கம் போனால் அந்தக் கருகல் வாசனை அடிக்கும். அவர்களுக்கு அது ஒரு ஜாலி.

என் பையனுக்கு இன்னும் சில மாதத்தில் 18. லைசென்ஸ் எடுக்கக் குதிக்கிறான். கேரளாவில் 'எட்டு' போட வேண்டும், தெரியும்தானே. சமதரையில் கம்பிகளுக்கு நடுவே கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும். கையில் கியர் மாற்றும் எம்-80-ஐ வைத்தே காலாகாலமாக எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினார்கள். 2024-ல்தான் அதை நிறுத்தி, கால் கியர் உள்ள பைக்கில்தான் போட வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் எட்டில் இறக்கம் கிடையாது. லைசென்ஸ் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குக் கிளம்புகிறவனுக்கு இறக்கத்தை யார் சொல்லித் தருவது? அப்பா சொன்னால் அறிவுரை, காதில் ஏறாது. தன் கையால் பூட்டிய கவை நகர்ந்து பிஸ்டன் நின்றதைப் பார்த்தவன், மறுநாள் தானாகவே கூட்டாளிக்கு அதைப் போனில் விளக்கிக்கொண்டிருந்தான். மலையாளத்தில்தான். பரவாயில்லை.

மச்சினன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "அது சரி அத்தான், ஆனா ஸ்டிக்கர்..." என்று ஆரம்பித்தான்.

பையன் அடுத்து ஒரு கேள்வி கேட்டான். "அம்மா ஸ்கூட்டர்ல சின்ன கியரே இல்லையே, அது எப்படிப்பா இறங்கும்?" ஸ்கூட்டரில் பெல்ட்தான், நாமாகச் சின்ன கியர் போட வழியில்லை. வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானே விட்டுவிடும், அதற்குப் பிறகு எஞ்சின் பிடிப்பே கிடையாது. நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அதிகம் ஓட்டுவது அதைத்தான். லெகோவில் ஸ்கூட்டரும் வந்திருக்கிறது. 2022-ல் வெஸ்பா 125, 1,106 பீஸ், வெளிர் நீலத்தில் கண்ணைப் பறிக்கும். அந்த வெஸ்பா 1960-களின் மாடல், நிஜத்தில் கையால் கியர் மாற்றும் வண்டி. பொம்மைக்குள் அதுவும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது, ஓடும் பிஸ்டனும் கிடையாது. அதன் நிறத்தைப் பற்றி இந்தக் கூட்டம் பேசிய பேச்சில் கால்வாசி, உள்ளே ஒன்றுமே இல்லையே என்று பேசியிருக்கலாம். பெல்ட் ஏறி இறங்குவது வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஸ்கூட்டர் கிட் வரட்டும், ஸ்டிக்கர் முழுவதையும் நானே ஒட்டித் தருகிறேன்.