மைதானத்தில் முன்னுரிமை யாருக்கு? கட்டண உயர்வும் எமது சங்கங்களும்

இங்கிலாந்தில் கோடை நெருங்கினால் எமது பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் மைதானம் தேடி அலையத் தொடங்கிவிடும். துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம், பெரியவர்களுக்குக் கயிறிழுத்தல் என எல்லாமே ஒரே நாளில் நடக்க வேண்டும். ஆண்டுதோறும் எழும் முறைப்பாடுகள் இரண்டு: கட்டணம் கூடிவிட்டது, கேட்ட நாள் கிடைக்கவில்லை. "எங்களை ஒதுக்குகிறார்கள்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. இதில் உண்மை எவ்வளவு?

முதலில் கட்டணம். முதியோர் பராமரிப்பு, சிறுவர் பாதுகாப்பு போன்றவற்றை உள்ளூராட்சி சபைகள் சட்டப்படி செய்தே ஆகவேண்டும். மைதானம் அப்படியல்ல. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை வழங்கும் அதிகாரத்தைச் சபைக்குத் தருகிறது, கடமையாக்கவில்லை. இலவசமாகவும் கொடுக்கலாம், கட்டணமும் அறவிடலாம். எம்மவர் பலர் வாழும் குரொய்டன் சபை 2020இலும், பேர்மிங்காம் சபை 2023இலும் வரவு செலவைச் சமப்படுத்த முடியாதென 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் விடுத்தன. கையில் பணமில்லாத சபை, கடமையல்லாத சேவைகளில்தான் முதலில் கைவைக்கும்.

அடுத்தது முன்னுரிமை. பொதுவாக இளையோர் அணிகளுக்கும், பருவம் முழுவதும் ஆடும் உள்ளூர்க் கழகங்களுக்கும் முதலிடம் கிடைக்கிறது. ஒரு நாளுக்கு மட்டும் கேட்பவர் கடைசியில் நிற்கிறார். எமது சங்கங்களில் அதிகமானவை அந்தக் கடைசி வரிசையில்தான் நிற்கின்றன. பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பதை நாம் குறைகூற முடியாது. ஆனால் சில இடங்களில் சென்ற ஆண்டு வைத்திருந்தவருக்கே இந்த ஆண்டும் மைதானம் என்ற வழக்கம் இருக்கிறது. பார்வைக்கு இது எல்லோருக்கும் பொதுவான விதி. நடைமுறையில், பிந்தி வந்து குடியேறியவர்களுக்கு இடமே வராது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, இத்தகைய முடிவுகள் பல்வேறு இனத்தவரை எப்படிப் பாதிக்கும் என்பதைச் சபை கருத்தில் எடுக்க வேண்டும் என்கிறது. எமது கேள்வியை இந்த இடத்தில்தான் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில்.

இன்னொன்று வரி. சபை நேரடியாக நடத்தும் விளையாட்டுச் சேவைகள் வணிகமல்ல என்று வரித் திணைக்களம் 2023இல் ஏற்றுக்கொண்டது. பாடசாலையோ ஒப்பந்த நிறுவனமோ வாடகைக்கு விடும் மைதானத்தில் 20 வீதப் பெறுமதிசேர் வரி சேரலாம். ஆனால் ஒரு கழகமோ சங்கமோ, ஒரே இடத்தில், ஒரே விளையாட்டுக்கு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகளைத் தொடராகப் பதிவுசெய்தால் விலக்குக் கிடைக்கும். இரு தடவைகளுக்கிடையே குறைந்தது ஒரு நாளும், கூடியது 14 நாள்களும் இருக்க வேண்டும். முழுத் தொடருக்கும் பணம் கட்டுவதாக எழுத்தில் உடன்பாடு வேண்டும்; அந்நேரம் மைதானம் உங்களுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். பல கழகங்களைச் சேர்த்த ஒரு பொது அமைப்பும் இப்படிப் பதிவுசெய்யலாம்.

இங்கேதான் எமது பலவீனம் தெரிகிறது. ஒரே ஊருக்கு இரண்டு சங்கம், ஒரே பாடசாலைக்கு இரண்டு நிர்வாகம் என்று பிரிந்து நின்று, ஆளுக்கொரு நாள் கேட்டு, ஆளுக்கொரு காப்புறுதி எடுத்து, ஆகக்கூடிய விலையைக் கொடுக்கிறோம். ஐந்தாறு சங்கங்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தினால், நாமும் பருவம் முழுவதும் ஆடும் இளையோர் கழகமாகிவிடுவோம். முன்னுரிமையும் மாறும், கட்டணமும் குறையக்கூடும்.

இது வெறும் பணக் கணக்கல்ல. இங்கு பிறந்த பிள்ளைகள் பலருக்கு அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் தெரிய வருவதே அந்த மேலங்கியை அணிந்து ஓடும் நாளில்தான். மைதானம் கட்டாது என்று விளையாட்டை விட்டு மண்டப விருந்தோடு நின்றால், பெரியவர்கள் வருவார்கள், பிள்ளைகள் வரமாட்டார்கள்.

ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் கட்டணங்களைச் சபைகள் பெப்ரவரி, மார்ச்சில் வரவு செலவுத் திட்டத்தோடு முடிவு செய்கின்றன. அதற்கு முன்னர் பொதுமக்களின் கருத்தையும் கேட்பதுண்டு. கோடையில் சண்டை பிடிப்பதை விட்டு, இந்தக் குளிர்காலத்திலேயே சங்கங்கள் ஒன்றாக இருந்து பேசி, ஒரே கடிதமாக எழுதட்டும்.