அமிலம் குறைந்தவனுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை!

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் வயிறு கல் மாதிரி இருக்கிறது. ஏப்பம் ஏப்பமாக வருகிறது. நம்ம ஊரில் உடனே என்ன செய்வார்கள்? தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் "ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் ஒமிப்ரசோலோ பான்டாப்ரசோலோ ஒரு அட்டையை எடுத்து நீட்டுவார். அமிலம் அதிகமா, குறைவா என்று கேட்க ஆளில்லை. அமிலம் வற்றிப்போன வயிறும் இதே உப்புசத்தைத் தரலாம் என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "அமிலம் குறைந்தால் கேன்சர் வரும், அதனால் தினமும் வினிகர் குடியுங்கள், அமில காப்ஸ்யூல் விழுங்குங்கள்" என்று உபதேசம் செய்யும் கூட்டம். இதில் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதி ஏமாற்று.

மாத்திரையால் அமிலம் குறைவது வேறு. மற்றபடி அமிலம் வற்றுகிறது என்றால், பெரும்பாலும் இரைப்பைச் சுவரில் அதைச் சுரக்கும் சுரப்பிகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். (சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே அவற்றைத் தாக்கும். பி12 குறைந்து ரத்தசோகை வரும். அவர்களுக்கும் ஆபத்து உண்டு.) ஆனால் முக்கியக் குற்றவாளி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. சின்ன வயதில் வந்து குடியேறும். பல பத்தாண்டுகள் புண்ணாக்கும். சுரப்பிகள் அழியும், அந்த இடத்தில் குடலின் செல்களைப் போன்ற செல்கள் முளைக்கும், கடைசியில் சிலருக்குப் புற்று. அமிலம் இல்லாத வயிற்றில் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, உணவிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, நைட்ரோசமைன் உருவாக வழி செய்வது கூடுதல் தொல்லை. வினிகர் குடித்தால் செத்த சுரப்பி முளைக்குமா? கிருமி ஓடிவிடுமா?

இது ஒன்றும் ரகசியமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு. 2001-ல் ஜப்பானில் வெளியான ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரைச் சராசரியாக எட்டு ஆண்டுகள் கவனித்ததில் 36 பேருக்கு இரைப்பைப் புற்று. கிருமி இல்லாத 280 பேரில்? ஒருவருக்குக்கூட இல்லை.

அதைவிட அழுத்தமான சாட்சி தைவானின் மாட்சு தீவுகள். இரைப்பைப் புற்று மிகுந்த ஊர் அது. 2004-ல் தொடங்கி, முப்பது வயதைத் தாண்டிய மக்களை மூச்சுப் பரிசோதனைக்கு வரவழைத்து, கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். 2018-க்குள் கிருமி 64 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. புது நோயாளிகள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது! மருந்து என்ன, அமுதமா? பத்துப் பதினாலு நாள் ஆன்டிபயாடிக்கும், கூடவே அதே கேஸ் மாத்திரையும்தான். சரியாகப் பயன்படுத்தினால் அதுவும் நல்ல மருந்துதான்.

"இங்கே பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி உண்டு, எல்லாருக்குமா கேன்சர் வருகிறது?" என்று கேட்பார்கள். வரவில்லைதான். எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இரைப்பைப் புற்று வந்தவர், சுரப்பி தேய்ந்துவிட்டது என்று எண்டோஸ்கோப்பியில் தெரிந்தவர், வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவர், இவர்களையாவது சோதிக்க வேண்டாமா? சென்னையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்றும் ஒன்று. தேய்மானம் முற்றியபின் கிருமியைக் கொன்றால் ஆபத்து குறையும், ஆனால் ஒழியாது. அதனால்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் அத்தகையவர்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்கிறார்கள். சிகரெட்டை விடுவதும், கருவாடு, ஊறுகாய், உப்பைக் குறைப்பதும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதில் பெரிய கொடுமை வேறு. கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும். மூச்சுப் பரிசோதனையில் "இல்லை" என்று பொய்யாகக் காட்டிவிடக்கூடும். சோதனைக்கு முன் இரண்டு வாரமாவது, மருத்துவர் சொல்லி, அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்து வருடமாக அட்டை அட்டையாக விற்கும் கடைக்காரர் இதைச் சொல்வாரா?