கல்லுக்குள் ஈரம்

அச்சங்குளம் போன்ற வானம் பார்த்த பூமியில் வாழ்வோர், ஈரத்தைத் தம்முள் சேமிக்கும் பிரண்டையையும் கற்றாழையையும் நன்கறிவர். தென்னாப்பிரிக்காவின் கற்செடியும் அத்தகையதே. 1811-ஆம் ஆண்டில் பர்ச்செல் என்னும் ஆங்கிலேயர், கூழாங்கல் என்றெண்ணிக் கையிலெடுத்த பின்னரே அது செடியென உணர்ந்தார்.

சாம்பல், பழுப்பு, செம்மை எனப் பல நிறங்களில் விளங்கும் அதற்கு இரண்டே இலைகள். வசந்தத்தில் அவற்றின் பிளவிலிருந்து புதிய இணை எழும். பழைய இலைகள் தம் நீரையெல்லாம் அதற்கு ஈந்து சருகாகும். இரக்கப்பட்டு அப்போது நீர் ஊற்றினால் பழையவை வற்றா. செடியே அழுகவும் கூடும்.

பிள்ளைகளுக்கு எல்லாம் தந்து மெலிந்தோமே என்று வருந்தும் பெரியோர்களே! அது இழப்பன்று, தந்த ஈரம் பேரப்பிள்ளைகளிடம் தழைக்கிறது. சாளக்கிராமத்தில் திருமாலைக் காணும் நமக்கு, இக்கல்லிலும் அவன் கருணை புலப்படாதோ!