இறுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு

போன கோடையில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் சுவிஸ்காரர் தன் பழைய விண்ட்சேர்விங் பாயை என் மூத்தவனுக்குத் தந்தார். ஏரிக்கரையில் விரித்துப் பூட்டினால் பாய் முழுக்கச் சுருக்கம். எனக்குத் தெரிந்த வேலை திருகாணி இறுக்குவதுதானே! அலன் சாவியால் முறுக்கினேன். ஒரு தடி பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு நாள் அந்த மனிதரைக் கண்டு ஒதுங்கித் திரிந்தேன். கடைசியில் சொன்னேன். சிரித்துவிட்டு, ஞாயிறு வந்து காட்டித் தந்தார்.

பாயின் குறுக்கே உள்ள பைகளில் கண்ணாடியிழைத் தடிகள் கிடக்கும். பற்றன் என்பார்கள். முன்முனை பாய்மரப் பக்கம். பின்முனையில் இறுக்க வாரோ திருகாணியோ இருக்கும். இறுக்க இறுக்கத் தடிக்குப் போக இடமில்லை, வில்லாய் வளையும். ஊரில் பட்டத்துக்கு மூங்கிலை நூலால் வளைத்துக் கட்டினோமே, அப்படித்தான். அந்த வளைவுதான் பாய்க்கு உருவம்.

ஆனால் பற்றன் கடைசி வேலை. முதலில் பாயைக் கீழே இழுக்கும் கயிறு, பிறகு பூம் தடியின் நுனிக்கு இழுக்கும் கயிறு. நான் அதைத்தான் விட்டுவிட்டேன். பையில் குறுக்காகத் தெரியும் சுருக்கங்கள் மறையும்வரை இறுக்கினால் போதும். கூடினால் தடி பாம்புபோல நெளியும். பக்கம் மாற்றும்போது பாய்மரத்தைச் சுற்றித் திரும்ப மறுக்கும். (பிள்ளைக்கு மிதவைச் சட்டை கட்டாயம்.)

கிழிந்த பையை மனைவி இரட்டைத் துணி வைத்துத் தைத்தார். மகன் அலன் சாவியை இப்போது என்னிடம் தருவதில்லை.