எழுமீனும் நம் ஏட்டுக்கல்வியும்

நற்றிணையின் 231-ஆம் பாடலில் 'எழுமீன்' வருகிறது. வகுப்பறையில் நாம் என்ன செய்கிறோம்? 'சப்தரிஷி மண்டலம்' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாவுகிறோம். அறியாத பெயருக்கு அறியாத இன்னொரு பெயரைத் தருவதா உரை? கடற்பரப்பில் கூடி நீராடும் சிறுவெண்காக்கைகளுக்கு நீலமணி வானத்து எழுமீனை உவமையாக்குகிறார் புலவர். இரண்டையும் காணாத மாணவருக்கு அதில் எஞ்சுவது இலக்கணக் குறிப்பு மட்டுமே.

'இலக்கிய ஆசிரியருக்கு வானியல் எதற்கு?' என்பார் உளர். தொலைநோக்கியா கேட்கிறோம்? சித்திரை, வைகாசி இரவுகளில் ஒன்பது மணியளவில் மொட்டைமாடியேறி வடக்கு நோக்கி நின்றால் போதும். கவிழ்த்த அகப்பைபோல் ஏழும் தெரியும். கிழக்கே நீண்ட காம்பின் நுனியிலிருந்து தொடங்குக: மரீசி, வசிட்டர், அங்கிரசர், காம்பு கிண்ணத்தோடு சேருமிடத்தில் அத்திரி, ஏழில் மங்கலானவர் இவரே, பிறகு கிண்ணத்தைச் சுற்றிப் புலத்தியர், புலகர், கிரது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை தரும் வரிசை இது. கௌதமரையும் காசியபரையும் இங்கே தேடவேண்டா. அவர்கள் இடம்பெறுவது வேறொரு பட்டியல். புலகரிலிருந்து கிரது வழியே கோட்டை நீட்டினால் துருவமீன். கன்னியாகுமரியில் அது அடிவானுக்கு மேல் சுமார் 8 பாகை, சென்னையில் 13. கட்டடம் மறைக்காத வடதிசை வாய்த்தவர் பேறுபெற்றோர்!

வசிட்டரை ஒட்டிய மங்கலான மீன் அருந்ததி. இங்கேதான் நம் சினம் பெருகுகிறது. பகல் முகூர்த்தத்தில் மண்டபக் கூரையைச் சுட்டி 'அருந்ததி பார்த்தாயிற்று' என்போர் ஒருபுறம். அவ்விரு மீன்களும் ஒன்றையொன்று சுற்றுவதை அறிந்தே முன்னோர் மணமக்களுக்குக் காட்டினர் என்று பரப்புவோர் மறுபுறம். அருகருகே தெரிவது வேறு, சுற்றுவதைக் காண்பது வேறு. அவை ஈர்ப்பால் பிணைந்தனவா என்பதே இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. பிணைந்திருப்பினும் ஒரு சுற்றுக்குப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும். வசிட்டரே இரட்டை மீன் என்பது 17-ஆம் நூற்றாண்டில், தொலைநோக்கி வந்தபின் தெரிந்தது. முன்னோரின் கண்கூர்மை மெய். அதற்குப் பொய்ப்பட்டம் எதற்கு? பெரும்பாணாற்றுப்படை அருந்ததியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. வடதிசைச் 'சிறுமீன்' என்று சுட்டிவிட்டுப் போகிறது. கேட்டவர் வானம் பார்த்தவர் என்ற நம்பிக்கை அது.

சென்ற ஆண்டு அந்த நற்றிணைப் பாடலை நடத்திய அன்று, மாணவரை மாலையில் மாடிக்கு அழைத்துச்செல்ல இசைவு கேட்டோம். பாடத்திட்டத்தில் இல்லை என்று விடை வந்தது. பாடல் மட்டும் இருக்கிறது.