பணியோடு ஒரு முனைவர் பட்டம்



ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் நம்மிடையே பலர் உளர். ஆர்வத்தோடு பெயரைப் பதிந்துகொண்டு, பாதி வழியில் நின்றுவிடுவோரும் உளர். நிற்பதற்குக் காரணம் அறிவுக் குறைவா? பெரும்பாலும் அன்று. தனிமையே அவர்களை நிறுத்துகிறது என்பது என் கருத்து.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறை, பகுதிநேர முனைவர் படிப்பை அனுமதிக்கிறது. பணிபுரிபவர் தம் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவையானால் பாடப் பயிற்சியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்னும் மூன்றும் அச்சான்றில் இருத்தல் வேண்டும். காலம் குறைந்தது 3 ஆண்டுகள். மிகுதி 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தரலாம். மகப்பேற்றுக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ இப்பட்டத்தை நடத்தலாகாது.

இனி, திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டை எண்ணிப் பாருங்கள். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றோடு சேர்ந்த மலைப்பகுதி அது. மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைத்து வாழும் மண். அங்குள்ள பள்ளியொன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் ஆய்வு செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வேண்டுமாயின், மலையிறங்கித் திருப்பத்தூர் வந்து, ஜோலார்பேட்டையில் ரயிலேற வேண்டும். நெறியாளரைக் கண்டு திரும்ப ஒரு விடுமுறை நாள் முழுதும் போய்விடும். வீட்டிலோ, திங்கட்கிழமைக்குரிய பாடக் குறிப்பும் குழந்தைகளின் தேவைகளும் காத்திருக்கும். எழுதியது சரியா தவறா என்று கேட்க அருகில் ஒருவரும் இல்லை. இந்நிலையில் ஆறு ஆண்டுகள் ஊக்கம் குன்றாமல் இருப்பது எளிதா?

ஆயினும் அவர் நின்றுவிட்டால் இழப்பு அவருக்கு மட்டுமா? வேலை தேடிப் பெற்றோர் வெளியூர் செல்லும் மாதங்களில் மலைப் பிள்ளைகளின் படிப்பு என்னவாகிறது? உறைவிடப் பள்ளியில் சேர்ந்த சிறுமி எட்டாம் வகுப்புக்குப் பின் ஏன் வரவில்லை? இக்கேள்விகளுக்கு விடை காணத் தகுதியானவர், நகரத்திலிருந்து இரண்டு நாள் வந்து வினாத்தாள் நிரப்பிச் செல்பவர் அல்லர். அன்றாடம் அப்பிள்ளைகளின் வருகையைப் பதிபவரே. அவர் பணியை விட்டால்தான் ஆய்வு என்றால், ஆய்வுக்குரிய பொருளே அவர் கையைவிட்டுப் போய்விடும்.

இதே சிக்கலை அமெரிக்கர்களும் சந்தித்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1920களின் தொடக்கத்திலேயே கல்வியியலுக்கெனத் தனி முனைவர் பட்டத்தை வழங்கியது. 'எட்.டி.' என்பது அதன் பெயர். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு பிரிஸ்டல் பல்கலைக்கழகம் இதனைத் தொடங்கியது. பணியிலிருக்கும் ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஏற்றவாறு இப்பட்டத்தைச் சீரமைக்க, அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு கார்னகி அமைப்பின் துணையோடு பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடின. இத்தகைய படிப்புகள் பலவற்றில் மாணவர்கள் ஒரே அணியாகச் சேர்க்கப்படுகின்றனர். ஒரே நாளில் நுழைந்து, ஒரே வரிசையில் பாடங்களைப் பயின்று, வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் கூடுகின்றனர். ஒருவர் எழுதிய அத்தியாயத்தை மற்றவர் படித்துக் குறை சொல்கிறார். ஆய்வுப் பொருளும் அவரவர் பள்ளியில் கண்ட சிக்கலே.

இது நமக்கு அந்நியமான முறையன்று. ஆசிரியர் பாடம் நடத்திச் சென்றபின் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து அதனையே ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கும் வழக்கம் நம் மதரஸாக்களில் இன்றும் உண்டு. தனியே படித்தபோது புரிந்ததாகத் தோன்றியது, பிறருக்குச் சொல்லும்போதுதான் புரியவில்லை என்று தெரியவரும்.

நம் நாட்டிலோ முனைவர் படிப்பு பெரும்பாலும் நெறியாளர், மாணவர் என்னும் இருவருக்கிடையே நடப்பது. தொடக்கத்தில் பாடப் பயிற்சிக்காக ஒன்றாக அமர்ந்தவர்கள் அது முடிந்ததும் திசைக்கொருவராய்ப் பிரிந்துவிடுகின்றனர். அவ்வாறு பிரியாதிருக்க எந்த விதியும் தடையில்லை. பாடப் பயிற்சியில் சந்தித்த நால்வர் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடலாம். மலையிலிருந்து வருபவருக்கும் ஆம்பூரிலிருந்து வருபவருக்கும் பொதுவாகத் திருப்பத்தூரோ வாணியம்பாடியோ இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஆளுக்கு ஐந்து பக்கம் எழுதி வருதல் என்பதை நிபந்தனையாக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நிற்க வேண்டும் என்று விதியே கூறுகிறது. அதற்கு முன் நண்பர்கள் முன் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

பட்டத்தால் ஊதியம் உயரும் என்று எண்ணி மட்டும் இதில் இறங்க வேண்டாம். உயர்கல்விக்கு வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. உங்கள் வகுப்பறையில் விடை தெரியாத கேள்வி ஒன்று உங்களை உறுத்துகிறதா? அதுவே தகுந்த காரணம்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டு ஆசிரியை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது, "இந்த வயதில் படிப்பு எதற்கு?" என்று கேளாதீர்கள். அன்றைய அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆசிரியர்கள் கூடுவதற்கு நான்கு வீடுகள் இசைய வேண்டும்.